ரோமைச் சுற்றிய பெயர்களும் அவற்றின் புராணக் கதைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டைபர் ஆற்றங்கரையிலும் அதற்குத் தெற்கே கடலோரத்திலும் உள்ள பழைய பெயர்களில் பலவற்றுக்கு ஒரு கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிலவற்றுக்கு மூன்று நான்கு கதைகள்கூட உண்டு. அந்தக் கதைகளைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

லத்தீன் என்ற பெயர் எதிலிருந்து வந்தது?

லத்தியம் என்ற நிலப்பகுதியிலிருந்து. இன்றைய இத்தாலியில் ரோம் நகரம் இருக்கும் மாநிலத்துக்கு லாட்சியோ என்று பெயர். அது இதே பெயரின் இன்றைய வடிவம்தான். லத்தியத்தில் வாழ்ந்தவர்கள் லத்தீனர், அவர்கள் பேசியது லத்தீன்.

சரி, லத்தியம் என்ற பெயர் எப்படி வந்தது? ரோமானியக் கவிஞர் வர்ஜில், ட்ரோய் வீரர் ஈனியஸைப் பற்றிய தன் ஈனியட் காவியத்தின் எட்டாம் காண்டத்தில் ஒரு பதில் சொல்கிறார். மகன் ஜூபிட்டரிடம் ஆட்சியைப் பறிகொடுத்த சாட்டர்ன் என்ற கடவுள் தப்பி ஓடி வந்து இங்கே ஒளிந்துகொண்டார். லத்தீனில் 'லதேரே' என்றால் மறைந்திருத்தல். மறைந்திருக்க இடம் கொடுத்ததால் இந்த மண்ணுக்கு லத்தியம் என்று அவரே பெயர் வைத்தாராம். காட்டில் சிதறிக் கிடந்த மக்களைச் சேர்த்துச் சட்டம் கொடுத்ததும் அவர்தான், அவர் ஆண்டதுதான் பொற்காலம் என்று கதை நீள்கிறது.

வார்ரோ என்ற அறிஞரும் 'மறைதல்' என்ற பொருளைத்தான் எடுத்துக்கொண்டார். ஆனால் கடவுளை விட்டுவிட்டார். ஆல்ப்ஸ், அப்பனைன் மலைகளுக்கு இடையே நாடு மறைந்து கிடப்பதால் அந்தப் பெயர் என்றார்.

இன்று பலர் சொல்வது 'அகன்ற சமவெளி' என்ற பொருளை. பொருத்தமாகத்தான் தெரிகிறது. ஆனால் நமக்கு நன்றாகப் புரியக்கூடிய ஒரு சிக்கல் அதில் உண்டு: 'அகன்ற' என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் முதல் எழுத்து நெடில் 'லா', லத்தியத்தில் இருப்பது குறில் 'ல'. செய்யுள் ஓசையில் இந்த வேறுபாடு தெளிவாகவே தெரியும். அதனால் சொல்லிலிருந்து நேராக வந்தது என்று சொல்லாமல், அதன் வேரிலிருந்து வந்திருக்கலாம் என்று சுற்றிவளைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரோமுலஸின் பெயரால்தானே ரோம்?

பள்ளிப் பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்லும். ஓநாய்ப் பால் குடித்து வளர்ந்த இரட்டையர், நகர எல்லைச் சண்டையில் தம்பி ரேமஸின் சாவு, வார்ரோவின் கணக்குப்படி கி.மு. 753-இல் நகரம் எழுந்தது. ஆனால் மொழி வேறு மாதிரி சொல்கிறது. 'ரோமுலஸ்' என்ற பெயர் 'ரோம்காரன்' என்ற பொருளில் ரோமா என்ற ஊர்ப்பெயரிலிருந்து கட்டப்பட்டது போலத்தான் இருக்கிறது. ஊர் முதலில் இருந்தது. ஊருக்கு ஒரு மூதாதை தேவைப்பட்டார். ஊர்ப்பெயரிலிருந்தே அவரைச் செய்துகொண்டார்கள்.

கிரேக்கர்களுக்கு ரோமுலஸே தேவைப்படவில்லை. அவர்களிடம் ரோமே என்ற ட்ரோய் நகரத்துப் பெண்ணின் கதை இருந்தது. ஊர் ஊராக அலைந்து சலித்துப்போன அவள், மற்றப் பெண்களையும் தூண்டிவிட்டுக் கப்பல்களுக்குத் தீ வைத்துவிட்டாள். கப்பல் போனபின் வேறு வழி? அங்கேயே குடியேறினார்கள், ஊருக்கு அவள் பெயரை வைத்தார்கள். கிரேக்க மொழியில் 'ரோமே' என்றால் வலிமை என்பதும் வசதியாகப் போயிற்று. கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் ரோமுலஸின் வாழ்க்கை வரலாற்றைத் தொடங்கும்போதே இப்படிப்பட்ட கதைகளை வரிசையாக அடுக்கிவிடுகிறார்.

எனக்கு இந்தக் கப்பல் எரிப்புக் கதை ரோமுலஸ் கதையைவிடப் பிடிக்கும். ஊர் உருவாக ஒரு பெண்ணின் அலுப்பே போதுமான காரணமாக இருக்கிறது.

மொழியியலாளர்கள், ரோமுக்கு வடக்கே வாழ்ந்த எட்ருஸ்கர்களின் குடும்பப் பெயர் ஒன்றையும், டைபர் ஆற்றுக்கு 'ரூமோன்' என்றொரு பழைய பெயர் இருந்ததாகப் பழைய உரையாசிரியர் செர்வியஸ் தரும் குறிப்பையும் காட்டுகிறார்கள். முடிவு எதுவும் எட்டப்படவில்லை.

அடிக்கடி வரும் இந்த வார்ரோ யார்?

மார்க்கஸ் டெரன்டியஸ் வார்ரோ, கி.மு. 116 முதல் 27 வரை வாழ்ந்தவர். லத்தீன் மொழியைப் பற்றி 25 புத்தகங்கள் கொண்ட பெரிய நூல் ஒன்றை எழுதினார். நமக்குக் கிடைத்திருப்பது 5 முதல் 10 வரையிலான ஆறு மட்டும். நல்ல வேளையாக அந்த ஐந்தாம் புத்தகத்தில்தான் இடப்பெயர்கள் இருக்கின்றன. ரோமின் குன்று, தெரு, வாசல், குட்டை எதையும் அவர் விடவில்லை.

நன்னூல் பெயர்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று பிரிக்கும் அல்லவா? வார்ரோவைப் படிக்கும்போது, ரோமர்களுக்கு இடுகுறிப்பெயர் என்ற வகையே கிடையாதோ என்று தோன்றும். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தே ஆக வேண்டும். காரணம் தெரியாவிட்டால் ஓர் அரசர் வந்து நிற்பார்.

அவென்டைன் குன்றின் பெயருக்கு எத்தனை விளக்கங்கள்?

வார்ரோ மட்டுமே நான்கு தருகிறார். டைபரிலிருந்து பறவைகள் இங்கே வந்ததால் (லத்தீனில் பறவை 'அவிஸ்') என்பது ஒன்று. ரோமுக்கும் முந்தியதாகச் சொல்லப்படும் ஆல்பா லோங்கா நகரத்தின் அரசர் அவென்டினஸ் இங்கே புதைக்கப்பட்டார் என்பது இன்னொன்று. மூன்றாவது, மக்கள் வந்து கூடும் இடம் என்பதால், 'வருகை' என்று பொருள்படும் சொல்லிலிருந்து. நான்காவது அவருடைய சொந்தக் கருத்து: முன்பு இந்தக் குன்றைச் சுற்றிச் சதுப்பு நிலம் இருந்தது, தெப்பத்தில்தான் போக முடியும், எனவே 'ஏற்றிச் செல்லுதல்' என்ற சொல்லிலிருந்து பெயர் வந்தது.

நான்கும் தவறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் குன்றின் அடிவாரம் ஒரு காலத்தில் சதுப்பாக இருந்தது என்ற செய்தி நிலவியல்படி சரியானது. தப்பான விளக்கம் சரியான செய்தியைத் தூக்கிக்கொண்டு வருவது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும்.

கேப்பிட்டல் குன்றில் தலை கிடைத்த கதை?

டார்க்வின் அரசர் ஜூபிட்டர் கோயிலுக்கு அடித்தளம் தோண்டியபோது மனிதத் தலை ஒன்று கிடைத்தது, முகம் சிதையாமல் இருந்தது என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி. உலகத்துக்கே இந்த இடம் தலைநகராகும் என்று குறிசொல்பவர்கள் பொருள் சொன்னார்கள். லத்தீனில் தலை 'கபுட்', அதனால் கபிட்டோலியம். பிற்காலத்தில் அந்தத் தலைக்கு ஓலஸ் என்ற சொந்தக்காரரையும் கண்டுபிடித்து, 'கபுட் ஓலி', அதாவது 'ஓலஸின் தலை', என்று பெயரை முழுசாகவே பிரித்துக் காட்டிவிட்டார்கள். 'கபுட்' என்ற சொல்லோடு உறவு இருக்கலாம்தான். மலையின் உச்சியைத் தலை என்பது எந்த மொழியிலும் இயல்பு. மண்டை ஓடு பிறகு வந்தது.

அதே குன்றின் செங்குத்தான பக்கம் டார்பீயப் பாறை. ரோமின் அண்டை இனமான சபைனர்களின் படைக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்ட பெண் டார்பீயா. வீரர்கள் இடது கையில் போட்டிருப்பதைக் கூலியாகக் கேட்டாள். அவள் நினைத்தது தங்கக் காப்பு, அவர்கள் கொடுத்தது கேடயம். கேடயங்களை மேலே எறிந்தே அவளைக் கொன்றார்கள். பிற்காலத்தில் துரோகிகளை உருட்டிவிட்டதும் அந்தப் பாறையிலிருந்துதான்.

இந்தக் கதைகளால் யாருக்காவது உண்மையில் பலன் கிடைத்ததா?

கிடைத்தது, வரிவிலக்கே கிடைத்தது! கிரேக்கத்தின் ஆர்கேடியாவில் பல்லான்டியம் என்ற சிற்றூர் இருந்தது. ட்ரோய்ப் போருக்கு முன்பே அங்கிருந்து எவான்டர் என்பவர் ஒரு கூட்டத்தோடு வந்து டைபர் கரையில் குடியேறினார், அவர்கள் ஊரின் பெயரால்தான் பலட்டைன் குன்றுக்குப் பெயர் வந்தது என்பது ரோமர்களின் கதை. வார்ரோ இதற்கும் மாற்று விளக்கங்கள் வைத்திருக்கிறார். அவற்றில் ஒன்று, ஆடுகள் கத்தும் ஓசையிலிருந்து வந்தது என்பது.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் பேரரசர் அன்டோனினஸ் பயஸ் ஆடுகளை விட்டுவிட்டு எவான்டரைத் தேர்ந்துகொண்டார். கிராமமாகச் சுருங்கிப்போயிருந்த அந்தக் கிரேக்க ஊரை நகரமாக உயர்த்தி, தன்னாட்சியும் வரிவிலக்கும் கொடுத்தார். கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியாஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஒலி ஒற்றுமை ஒன்றுக்காக ஓர் ஊரே வரி கட்டாமல் இருந்தது.

ஆங்கிலத்தின் 'பேலஸ்' என்ற சொல்லும் இந்தக் குன்றிலிருந்து வந்ததுதான். பேரரசர்கள் அங்கே மாளிகை கட்டியதால் குன்றின் பெயரே மாளிகைக்கு ஆகிவிட்டது. இதில் புராணம் எதுவும் இல்லை.

ரோமின் பழைய பொதுச்சதுக்கமான மன்றத்தின் நடுவில் இருக்கும் 'குர்டியஸ் குட்டை'க்கு எது உண்மையான கதை?

மூன்று இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள். ரோமுலஸ் காலத்துச் சண்டையில் மெட்டியஸ் குர்டியஸ் என்ற சபைன் வீரர் குதிரையோடு சேற்றில் சிக்கித் தப்பித்தார் என்பது முதல் கதை. இரண்டாவதுதான் புகழ் பெற்றது: கி.மு. 362-இல் மன்றத்தின் நடுவே நிலம் பிளந்தது. ரோமின் மிகச் சிறந்த செல்வத்தைப் போட்டால்தான் மூடும் என்று குறி வந்தது. வீரத்தையும் ஆயுதத்தையும் விடச் சிறந்த செல்வம் ரோமுக்கு ஏது என்று சொல்லி மார்க்கஸ் குர்டியஸ் என்ற இளைஞர் முழுப் போர்க்கோலத்தில் குதிரையோடு பள்ளத்தில் பாய்ந்தார். மூன்றாவது கதையில் சாவும் இல்லை, குதிரையும் இல்லை. இடி விழுந்த இடத்தைக் கி.மு. 445-இல் கான்சலாக (ஆட்சித் தலைவராக) இருந்த குர்டியஸ் என்பவர் செனட்டின் ஆணைப்படி வேலி கட்டி ஒதுக்கினார். அவ்வளவுதான்.

மூன்றையும் வார்ரோ சொல்கிறார். லிவி முதல் இரண்டையும் வேறு வேறு இடத்தில் எழுதிவிட்டு, உண்மையை அறிய வழி இருந்தால் பாடுபடத் தயார், இல்லாதபோது வழக்கில் உள்ளதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்கிற பொருளில் கைவிரித்துவிடுகிறார்.

என்னைக் கேட்டால் மூன்றாவதற்குத்தான் என் ஓட்டு. இடி விழுந்த இடத்துக்கு வேலி கட்டுவது ரோமர்களின் வழக்கம். அந்தச் சலிப்பூட்டும் கதையை யாரும் பொழுதுபோகாமல் புனைந்திருக்க மாட்டார்கள்.

வெள்ளைப் பன்றிக்கும் ஆல்பா லோங்காவுக்கும் என்ன தொடர்பு?

ட்ரோயிலிருந்து தப்பிவந்த ஈனியஸுக்கு ஒரு முன்னறிவிப்பு: முப்பது குட்டிகளோடு ஒரு வெள்ளைப் பெண்பன்றி படுத்திருக்கும், அதுதான் அடையாளம். முப்பது குட்டி என்றால் முப்பது ஆண்டு. அவ்வளவு காலம் கழித்து மகன் அஸ்கேனியஸ் புதிய நகரம் கட்டுவான். 'ஆல்பா' என்றால் வெள்ளை. 'லோங்கா' என்றால் நீளமானது. மலைமுகட்டில் நீளமாகப் படிந்த ஊர் என்பதால் என்று லிவி விளக்குகிறார்.

ஈனியஸ் முதலில் கட்டிய ஊர் லவீனியம். உள்ளூர் அரசர் லட்டினஸின் மகளான தன் மனைவி லவீனியாவின் பெயரை அதற்கு வைத்தாராம். வார்ரோ காலத்திலும் அந்த ஊரில் பன்றிக்கும் குட்டிகளுக்கும் வெண்கலச் சிலைகள் இருந்தன. அது போதாதென்று, தாய்ப்பன்றியின் உடலையே உப்புநீரில் ஊறவைத்துப் பாதுகாத்திருப்பதாகப் பூசாரிகள் காட்டினார்கள்! உப்பிட்ட பன்றி ஆயிரம் ஆண்டு கெடாமல் இருக்குமா என்று அவர்களிடம் யாராவது கேட்டிருப்பார்களா?

ஊர் மட்டும் கற்பனையில்லை. இன்றைய பிராட்டிக்கா டி மாரேயில் நடந்த அகழாய்வில் வரிசையாகப் பதின்மூன்று பலிபீடங்களும், பிற்காலத்தில் ஈனியஸின் நினைவிடமாக வழிபடப்பட்டது என்று பலர் கருதும் ஒரு பழைய கல்லறை மேடும் கிடைத்தன. 'ஆல்பா' என்பது மலையைக் குறித்த இன்னும் பழைய சொல், ஆல்ப்ஸ் என்பதற்கு உறவு என்று ஒரு கருத்து உண்டு. அது சரியென்றால், மலை என்ற பொருள் மறந்த பிறகுதான் வெள்ளை வந்திருக்கிறது. வெள்ளை வந்த பிறகுதான் பன்றி.

கடற்கரை ஊர்களுக்கு ஏன் ஈனியஸின் ஆட்களின் பெயர்கள்?

சாக வேண்டிய ஆட்கள் அங்கங்கே செத்துப்போனதால்! ஈனியஸின் செவிலித்தாய் கயேட்டா புதைக்கப்பட்ட இடம் இன்றைய கயேட்டா நகரம். ஊதுகுழல்காரர் மிசேனஸ் கடல் தெய்வத்தோடு போட்டிபோட்டு மூழ்கடிக்கப்பட்ட இடம் மிசேனோ முனை. கப்பலோட்டி பலினூரஸ் தூக்கத்தில் கடலில் விழுந்து, நீந்திக் கரையேறி, அங்கே கொல்லப்பட்ட இடம் பலினூரோ முனை. புதைக்கப்படாத பலினூரஸ் பாதாளத்தில் அழும்போது, அந்த இடம் என்றென்றும் உன் பெயரைத் தாங்கும் என்று ஆறுதல் சொல்கிறாள் குறிசொல்லும் பெண்ணான சிபில். வர்ஜில் கி.மு. 19-இல் இறந்துவிட்டார். முனையின் பெயர் இன்னும் அதுதான்.

தொலைவிலிருந்து பார்த்தால் மிசேனோ முனை தட்டையான தலையோடு ஒரு பெரிய புதைமேடு போலவே தெரியும். கதை உருவம் பார்த்தே பிறந்திருக்க வேண்டும். கயேட்டாவைப் பற்றிப் புவியியலாளர் ஸ்ட்ராபோவுக்கு ஓர் உலர்ந்த பதில் இருந்தது: ஸ்பார்டா வட்டாரத்துப் பேச்சில் குழிவான எதையும் இதே போன்ற சொல்லால் சொல்வார்கள், அந்த வளைகுடா குழிவாக இருக்கிறது.

டைபர்?

முன்பு அல்புலா என்று பெயர். ஆல்பாவின் அரசர் டைபெரினஸ் அதைக் கடக்கும்போது மூழ்கி இறந்ததால் டைபர் ஆனது. ஆற்றில் விழுந்து சாவதைத் தவிர லிவியின் நூலில் இந்த அரசருக்கு வேறு வேலையே கிடையாது. ஒருவர் பெயர் கொடுப்பதற்கு மட்டும் கதைக்குள் வந்து போனால் சந்தேகப்படுங்கள். ட்ரோய் வீழ்ச்சிக்கும் ரோமின் தொடக்கத்துக்கும் இடையே நானூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி இருந்தது. அதை நிரப்ப ஆல்பா அரசர்களின் பட்டியல் தேவைப்பட்டது. அவென்டினஸும் அந்தப் பட்டியலில்தான் வருகிறார்.

இத்தாலி என்றால் கன்றுக்குட்டியா?

ஹெர்குலிஸ் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தபோது ஒரு கன்று தப்பி ஓடியது. வழியெல்லாம் விசாரித்துக்கொண்டே போனார். உள்ளூர்க்காரர்கள் கன்றை அவர்கள் மொழியில் 'விடுலஸ்' என்றார்கள். கன்று ஓடிய நிலம் முழுவதும் விட்டாலியா ஆனது. இன்னொரு பக்கம், இட்டாலஸ் என்ற அரசரின் பெயர் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸும் அரிஸ்டாட்டிலும் சொல்கிறார்கள். நாடோடிகளை உழவர்களாக மாற்றியவர் அவர் என்கிறார் அரிஸ்டாட்டில். அந்தக் காலத்தில் இத்தாலி என்பது தீபகற்பத்தின் தெற்கு நுனியை மட்டுமே குறித்தது.

கன்று, அரசியலுக்கும் பயன்பட்டது. கி.மு. 91-இல் இத்தாலிய இனங்கள் குடியுரிமை கேட்டு ரோமுக்கு எதிராகப் போர் தொடங்கின. அவர்கள் அடித்த நாணயங்களில் தென்னித்தாலியப் பழைய மொழியான ஆஸ்கனில் 'விட்டேலியு' என்று பொறித்தார்கள். சிலவற்றில் காளை ஓநாயைக் குத்திக் கிழிக்கிறது. காளை இத்தாலி, ஓநாய் யாரென்று சொல்லத் தேவையில்லை.

வத்திக்கான்?

பேரரசு காலத்து எழுத்தாளர் கெல்லியஸ் இரண்டு விளக்கம் தருகிறார். குறிசொல்லுதல் என்ற சொல்லிலிருந்து என்பது ஒன்று. மற்றது வார்ரோவின் கருத்து: பிறந்த குழந்தையின் முதல் அழுகைக்கு ஒரு தெய்வம் உண்டு, அந்த 'வா' என்ற ஒலிதான் பெயரின் முதல் எழுத்து. போப்பாண்டவருக்கு இதில் பங்கில்லை. பெயர் கிறித்தவத்தைவிடப் பழையது.

பெயரைக் காரணம் காட்டி ரோமர்களே ஊர்ப்பெயரை மாற்றியது உண்டா?

உண்டு. தெற்கே மலேவென்டம் என்றொரு ஊர். லத்தீன் காதுக்கு அது 'கெட்ட வருகை' என்று ஒலித்தது. கி.மு. 268-இல் அங்கே குடியேற்றம் அமைத்தபோது 'நல்ல' என்ற சொல்லை மாட்டி பெனவென்டம் ஆக்கினார்கள், இன்றைய பெனவென்டோ. பழைய பெயர் லத்தீனே கிடையாது என்று தோன்றுகிறது. கெடுதலுக்கும் அதற்கும் தொடர்பில்லாமல் இருந்திருக்கும்.

கதைநாயகர்களில் உண்மையாக வாழ்ந்தவர் யாராவது?

கேலியன் குன்றைச் சொல்லலாம். முன்பு அது 'கருவாலி மரக்குன்று' என்ற பெயரில் இருந்தது, கேலெஸ் விபென்னா என்ற எட்ருஸ்கப் படைத்தலைவரால் பெயர் மாறியது என்பது பழைய செய்தி. எட்ருஸ்க வரலாற்றில் ஊறிய பேரரசர் கிளாடியஸ் கி.பி. 48-இல் செனட்டில் பேசியபோது இதையும் குறிப்பிட்டார்; ரோமின் அரசர் செர்வியஸ் துல்லியஸ் உண்மையில் விபென்னாவின் கூட்டாளி மஸ்டார்னா என்றார். அந்த உரை பொறித்த வெண்கலத் தகடு பிரான்சின் லியோனில் கிடைத்தது. அப்புறம் 1857-இல் வுல்சி என்ற இடத்தில் ஒரு எட்ருஸ்கக் கல்லறை திறக்கப்பட்டது. சுவரோவியத்தில் கட்டுண்ட ஒருவரை மற்றொருவர் விடுவிக்கிறார்; பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன, விபென்னா, மஸ்டார்னா. வேய் நகரில் கிடைத்த கி.மு. 6-ஆம் நூற்றாண்டு மண்பாண்டத்திலும் விபென்னா குடும்பப் பெயர் இருக்கிறது. குன்றுக்குப் பெயர் அவரால் வந்ததா என்பது வேறு கேள்வி. ஆனால் பெயரிலிருந்து செய்த பொம்மை இல்லை அவர்.

ரோமர்கள் இதையெல்லாம் நம்பினார்களா?

எல்லாரும் இல்லை. இருண்டு கிடக்கும் தோப்புக்கு 'லூகஸ்' என்று பெயர், ஏனென்றால் அங்கே ஒளி ('லூக்ஸ்') இல்லை என்று ஒரு விளக்கம் உலவியது. குயின்டிலியன் என்ற ஆசிரியர் இதைக் கிண்டல் செய்தார். இன்றுவரை அபத்தமான சொல்விளக்கத்துக்கு உதாரணமாக அதையே காட்டுகிறார்கள்.

ரோமுக்கு ரகசியப் பெயர் இருந்ததாமே?

அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். எதிரி நகரத்தின் காவல் தெய்வத்தைப் பெயர் சொல்லி அழைத்துத் தம் பக்கம் இழுப்பது ரோமர்களின் போர்ச் சடங்கு. தமக்கும் அது நடந்துவிடக் கூடாதே என்று உண்மையான பெயரை மறைத்து வைத்தார்களாம். அதை வெளியே சொன்ன வலேரியஸ் சொரானஸ் அதற்கான தண்டனையை அடைந்தார் என்கிறார் ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி. அதே பிளினி ஆங்கெரோனா என்ற தேவியின் சிலையையும் குறிப்பிடுகிறார்; வாய் கட்டப்பட்டு முத்திரை வைக்கப்பட்டிருந்ததாம். சொரானஸ் கி.மு. 82-இல் கொல்லப்பட்டது உள்நாட்டுப் போரில் தோற்ற கட்சியில் இருந்ததால் என்பது இன்னொரு விளக்கம்.

நேரில் போனால் எவற்றைப் பார்க்கலாம்?

குர்டியஸ் குட்டை ரோம் மன்றத்திலேயே இருக்கிறது, இப்போது தண்ணீர் இல்லாத கல்தளம். குதிரை வீரர் புடைச்சிற்பத்தின் நகல் அங்கே உண்டு. அவென்டைன், கேலியன் குன்றுகள் இன்று மக்கள் வாழும் பகுதிகள். ரோமுக்குத் தெற்கே கடலோரமாகப் போனால் 541 மீட்டர் உயரமுள்ள சிர்சேயோ மலை வரும். ஒடிசியஸின் ஆட்களைப் பன்றிகளாக்கிய சூனியக்காரி சிர்சேயின் பெயர் அதற்கு. ஹோமர் அவளைத் தீவில் வைத்தார், இதுவோ நிலத்தோடு ஒட்டிய மலை. ஆனால் தாழ்வான சமவெளிக்கு அப்பாலிருந்து பார்த்தால் தீவு போலத்தான் நிற்கிறது. ஸ்ட்ராபோ காலத்தில் அங்கே ஒடிசியஸ் குடித்த கிண்ணம் என்று ஒன்றையும் காட்டிக்கொண்டிருந்தார்கள்.